மணப்பாடு முதல் உவரி வரை: முதுகுப்பையோடு வரும் நண்பர்களின் கடற்கரைத் தங்கலுக்கான கேள்வி பதில்கள்

திசையன்விளைப் பக்கத்துக்காரன் என்பது தெரிந்தவுடன், வெளியூரில் வேலை பார்க்கும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் ஒரே வகையான கேள்விகளைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். நாலைந்து பேர் ஆளுக்கொரு முதுகுப்பையுடன் ரயிலேறி வந்து, திருநெல்வேலிச் சீமையின் கடலோரத்தில் இரண்டு மூன்று நாள் அவசரமில்லாமல் தங்கிவிட்டுப் போக வேண்டும், அதற்கு எங்கே, எப்போது, எப்படி என்பதே அவற்றின் சாரம். தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஓரிடத்தில் தொகுத்து எழுதியிருக்கிறேன்.

திருநெல்வேலிக்குக் கடற்கரை உண்டா? அது தூத்துக்குடி மாவட்டம் அல்லவா?

இரண்டும் சரிதான். 1986 அக்டோபரில் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது திருச்செந்தூர், காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை ஆகிய ஊர்கள் அதனுடன் போயின. உவரி, கூடுதாழை, கூத்தன்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி ஆகியவை திருநெல்வேலி மாவட்டத்திலேயே நின்றுவிட்டன. ஆனால் பேச்சும் சாப்பாடும் கொடுக்கல் வாங்கலும் மாவட்ட எல்லையைப் பார்ப்பதில்லை என்பதால், இந்தப் பக்கத்தில் இரண்டையும் சேர்த்தே திருநெல்வேலிச் சீமை என்கிறோம். இந்தக் கேள்வி பதிலும் திருச்செந்தூரிலிருந்து உவரி வரையிலான கரையைத்தான் பெரிதும் பேசுகிறது.

கோவா, வர்க்கலை போல இங்கே கடற்கரை விடுதிகளும் உணவகங்களும் இருக்குமா?

இருக்காது. அதை எதிர்பார்த்து வருபவர் முதல் நாளே முகம் சுளிப்பார். இங்கே கடற்கரை என்பது வீட்டு வாசல், வேலை செய்யும் களம், சில இடங்களில் கோயில் முற்றம். வலை காயும் மணலில் நாற்காலி போட்டு யாரும் உங்களை உபசரிக்க மாட்டார்கள். அதேசமயம் போ என்றும் சொல்ல மாட்டார்கள். ஊரின் நேரத்துக்கு நம்மை ஒப்புக்கொடுத்துவிட்டால், விடியுமுன் எழுந்து, உச்சி வெயிலில் உறங்கி, அந்தி சாய்ந்த பிறகு மணலில் உட்கார்ந்து காற்று வாங்கி, ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடும் ஒரு ஒழுங்கு தானாக வந்து சேரும். நான் ஓய்வு என்று சொல்வது இதைத்தான். இரவு பதினொரு மணிக்குப் பாட்டும் விளக்கும் வேண்டுபவர்களுக்கு இந்தக் கரை தோதுப்படாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

எந்த ஊரில் தங்குவது நல்லது?

வசதி வேண்டுமானால் திருச்செந்தூர், அமைதி வேண்டுமானால் உவரி, அழகு வேண்டுமானால் மணப்பாடு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வரி சற்றே ஏமாற்றக்கூடியது.

திருச்செந்தூரில் தனியார் தங்குவிடுதிகளும் கோயில் நிர்வாகத்தின் விடுதிகளும் உண்டு. உணவகங்கள், ஏ.டி.எம்., மருந்துக்கடை, மருத்துவமனை எல்லாம் நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. ஆனால் அங்கே கடற்கரை முழுவதும் பக்தர்களுடையது. விடியற்காலை மூன்று மணிக்கே முருகனைப் பார்க்க வந்த குடும்பங்கள் கடலாடத் தொடங்கிவிடும். கடலில் முங்கிவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட நாழிக்கிணற்றுக்குப் போவார்கள். அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், உப்புக் கடலின் காலடியில், தலையில் ஊற்றிக்கொள்ள நல்ல தண்ணீர் சுரக்கும் சின்னஞ்சிறிய கிணறு அது. வரிசையில் நின்று அந்தத் தண்ணீரை ஒரு முறையாவது தலையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆயினும் அமைதியாகப் படுத்துப் புத்தகம் படிக்கத் திருச்செந்தூர்க் கரை ஏற்றதன்று.

மணப்பாடு அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர். கருமேனியாறு கடலில் சேரும் கழிமுகமும், கடலுக்குள் மூக்கை நீட்டிய மணல் மேடும், அந்த மேட்டின் உச்சியில் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயிலும் அந்த ஊருக்கு வேறெங்கும் இல்லாத ஒரு தோற்றத்தைக் கொடுத்துவிட்டன. மேட்டின் மீது நின்றால் ஒரு பக்கம் அலை எழும்பி அடிப்பதையும் இன்னொரு பக்கம் தண்ணீர் அடங்கிக் கிடப்பதையும் ஒரே பார்வையில் காணலாம். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, கடலைப் பார்த்தபடி அந்த மேட்டின் அடியிலேயே இருக்கிறது. அவ்வளவு அழகு இருந்தும் தங்குமிடம் அங்கே மிகக் குறைவு. முன்கூட்டியே பேசி உறுதி செய்துகொள்ளாமல், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து பேராகப் போய் இறங்கினால், கடைசிப் பேருந்தைப் பிடித்துத் திருச்செந்தூருக்குத் திரும்ப வேண்டியதுதான். நானே அப்படித் திரும்பியிருக்கிறேன்.

உவரியில் அந்தோணியார் கோயிலுக்கு வேண்டுதலாக வந்து பல நாள் தங்கும் குடும்பங்கள் எப்போதும் உண்டு. அதனால் எளிய அறைகள் கிடைக்கும். கப்பல் வடிவில் கட்டப்பட்ட மாதா கோயில் கடலைப் பார்த்து நிற்கிறது. அதே ஊரின் மறுமுனையில் சுயம்புலிங்க சுவாமி கோயில். அங்கே வேண்டிக்கொண்டவர்கள் கடலில் இறங்கி, ஓலைப்பெட்டியில் ஈர மணலை அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்டுவார்கள். அதை அங்கே உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலே ஒரு காலைப்பொழுது போய்விடும். முதன்முறை வருபவர்களுக்கு என் பரிந்துரை உவரிதான். மணப்பாட்டை ஒரு பகல் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

எந்த மாதத்தில் வர வேண்டும்?

தை, மாசி மாதங்கள் சிறந்தவை. மழை ஓய்ந்து, வெயில் ஏறாமல், கடலும் ஓரளவு அடங்கியிருக்கும் காலம் அது. பங்குனி, சித்திரையில் வெயில் கடுமையாக இருந்தாலும் பதநீரும் நுங்கும் கிடைக்கும் என்பதற்காகவே வருபவர்கள் உண்டு.

வைகாசி பிற்பகுதியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை இங்கே காற்றுக்காலம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேற்குக் காற்றைத்தான் முப்பந்தலிலும் வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பகுதிகளிலும் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அறுவடை செய்கின்றன. அதே காற்று, கச்சான் என்று கடற்புரத்தார் சொல்லும் அந்தக் காற்று, கரைக்கு வரும்போது மணலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. கணுக்காலில் ஊசி குத்துவது போலிருக்கும். சோற்றில், காதில், கைப்பேசியின் துளையில் எல்லாம் மணல். ஓர் ஆடி மாதம் கூடாரத்தோடு வந்த சென்னை நண்பர்கள் இருவருக்கு அதைக் கட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. காற்று அதைப் பிடுங்கிக் கருவேலங்காட்டில் மாட்டிவைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முள்ளிலிருந்து அதை எடுத்தபோது அது கூடாரமாக இல்லை, வலையாக இருந்தது.

ஐப்பசி முதல் மார்கழி நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் வெள்ளத்தின் நடுவே நின்றுபோனதும் நினைவிருக்கலாம். எல்லா ஆண்டும் அப்படிப் பெய்யாது. எனினும் அந்த மாதங்களில் பயணத்தைக் கடைசி நேரத்தில் கைவிடக்கூடிய மனநிலையோடு திட்டமிடுங்கள்.

திருவிழாக் காலத்தில் வரலாமா?

திருவிழாவுக்காக வருவதென்றால் வரலாம். ஓய்வுக்காக வருவதென்றால் கூடாது. கந்தசஷ்டி, வைகாசி விசாகம், தைப்பூசம், ஆவணி மற்றும் மாசித் திருவிழாக்களில் திருச்செந்தூரில் அறை கேட்பதே வீண்வேலை. மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா செப்டம்பர் 14-இல் நிறைவுபெறும்.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா மட்டும் தனிக்கதை. நவராத்திரியை ஒட்டிய பத்து நாளும், அதற்கு முன்பே விரதமிருந்து மாலை போட்டவர்கள், காளியாக, குறத்தியாக, ராஜாவாக, கரடியாக, காவலராக வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு போவார்கள். தேநீர்க் கடையில் நீங்கள் வடை தின்றுகொண்டிருக்கும்போது, நாக்கைத் துருத்திய காளி ஒருவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, சீனி கம்மியா ஒரு டீ" என்று சொல்வதை வேறெங்கே பார்க்க முடியும்? விஜயதசமி இரவில் கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரத்துக்கு லட்சக்கணக்கானோர் கூடுவார்கள். அன்று முதுகுப்பையோடு அந்தக் கூட்டத்துக்குள் போகாதீர்கள்.

எப்படி வந்து சேர்வது?

சென்னையிலிருந்து திருச்செந்தூர் வரை நேரடியாகச் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. திருநெல்வேலியில் இறங்கினால் அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து திருச்செந்தூருக்கு அடிக்கடி பேருந்துகள் உண்டு. ஆனால் நேரம் இருந்தால் பயணிகள் ரயிலில் வாருங்கள். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் என்று தாமிரபரணிப் பாசனத்து வாழைத்தோட்டங்களும் வயல்களும் சன்னலோரம் ஓடி, ஆறுமுகநேரி தாண்டிய பிறகு காற்றில் உப்பு ஏறுவதை மூக்கே சொல்லிவிடும்.

திருச்செந்தூரிலிருந்து கடலோரச் சாலையில் கன்னியாகுமரிக்குப் போகும் பேருந்துகள் குலசேகரன்பட்டினம், பெரியதாழை, உவரி, கூடங்குளம் வழியாகச் செல்கின்றன. திருநெல்வேலியிலிருந்து நேரே உவரிக்கு வருவதானால் திசையன்விளை வந்து மாறுவது எளிது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறும் முன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஊருக்கும் இரவு எட்டு மணிக்கு மேல் பேருந்து குறைந்துவிடும்.

மூன்று நாள் இருக்கிறது. எத்தனை ஊர்களைப் பார்க்கலாம்?

ஒன்று. மிஞ்சினால் ஒன்றரை.

காலையில் திருச்செந்தூர், பதினோரு மணிக்குக் குலசேகரன்பட்டினம், மதியம் மணப்பாடு, மாலை உவரி, இரவு கன்னியாகுமரி என்று கைப்பேசியில் அட்டவணை போட்டுக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பாவமாக இருக்கும். அவர்கள் ஐந்து வாகன நிறுத்துமிடங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஓரிடத்தில் மூன்று இரவு இருங்கள். முதல் நாள் நீங்கள் வேற்றாள். இரண்டாம் நாள் தேநீர்க் கடைக்காரர் கேட்காமலே கிளாஸை எடுத்து வைப்பார். மூன்றாம் நாள் படகை மேலே ஏற்றும்போது "தம்பி, ஒரு கை பிடிங்க" என்று கூப்பிடுவார்கள். ஒரு பைபர் படகின் விளிம்பில் தோளைக் கொடுத்து, "ஏலேலோ" என்று எவரும் பாடாவிட்டாலும், பத்துப் பேரின் மூச்சு ஒன்றாக அழுந்தும் அந்தக் கணத்தில் படகு ஒரு சாண் நகர்வதை உணர்ந்தவருக்கு, பார்க்காமல் விட்ட நான்கு ஊர்களைப் பற்றிய குறை இருக்காது.

நாள் போகும் விதம் இப்படி அமையலாம். சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் கடலிலிருந்து எழும். அதற்கு அரை மணி முன்பே கரைக்குப் போய்விடுங்கள். படகுகள் கரை சேரும்போது மணலிலேயே மீன் ஏலம் நடக்கும். ஏலக்காரர் விலையைச் சொல்லும் வேகத்தில் வெளியூர்க் காதுக்கு ஒன்றும் பிடிபடாது. வெயில் ஏறுவதற்குள் குளியலும் காலை உணவும் முடிந்துவிட வேண்டும். பதினோரு மணி முதல் நாலு மணி வரை நிழல், உறக்கம், சீட்டு, புத்தகம். மாலை நடை. அவ்வளவுதான்.

கடலில் இறங்கிக் குளிக்கலாமா?

இந்தப் பதிலைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

இந்தக் கரை பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். ஆனால் பல இடங்களில் நாலடி தள்ளினாலே ஆழம். அலை அடித்துத் திரும்பும் தண்ணீர் ஓரிடத்தில் ஒடுங்கிக் கடலை நோக்கி ஓடும். அந்த இடத்தில் அலை உடையாமல், கலங்கலாக, சற்று அமைதியாகத் தெரியும். நீந்தத் தெரியாதவரின் கண்ணுக்கு அதுதான் பாதுகாப்பான இடமாகப் படும் என்பதே ஆபத்து. ஒரு முறை பெரியதாழைக்குத் தெற்கே நாங்கள் துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "தம்பி, இங்ஙன எறங்காதீங்க, உள்ள இழுக்கும். அந்தப் படகு கெடக்குல்லா, அதுக்கு அங்கிட்டு எறங்குங்க." எங்களுக்கு இரண்டு இடமும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அன்று முதல் நான் எந்தக் கரையிலும் கேட்காமல் இறங்குவதில்லை.

இழுப்பில் சிக்கிக்கொண்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தாதீர்கள். கை சோர்ந்து போவதுதான் மிச்சம். பதறாமல் மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட இடத்தில் அலையோடு கரையேற வேண்டும். கரையில் நிற்பவர் காப்பாற்றப் பாய்வதற்கு முன், மிதக்கக்கூடிய எதையாவது, காலித் தண்ணீர் கேனோ மிதவையோ, தூக்கிப் போட வேண்டும்.

இன்னொன்று கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களால் கிளம்பும் பெரும் அலைத்தொடர், இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் கரையேறும். திருடன் போல வருவதால் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் கடல்சார் தகவல் மையம் இதற்கான எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. செய்தியில் கள்ளக்கடல் என்ற சொல்லைக் கேட்டால் அன்று கால் நனைப்பதுகூட வேண்டாம்.

திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கிப் பாசி படர்ந்த பாறைகள் வெளியே தெரியும். படம் எடுக்க அதன் மேல் ஏறுபவர்களில் வழுக்கி விழாதவர் குறைவு. சொறிமுட்டை எனப்படும் இழுதுமீன் பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. கடல் நீரிலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை வெறுங்கையால் தொடாமல் அகற்றிவிட்டு, மருத்துவரிடம் போங்கள்.

குடித்தவர் தண்ணீரில் இறங்கவே கூடாது. உங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால், அவரைக் கரையில் இருத்தி வைக்கும் பொறுப்பு மற்ற எல்லோருக்கும் உண்டு. கடலோரக் காவல் குழுமத்தின் உதவி எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, ஆம்புலன்சுக்கு 108.

கடற்கரையில் கூடாரம் அடித்துப் படுக்கலாமா?

ஊரைக் கேட்காமல் கூடாது. கடற்புர ஊர்களில் ஊர்க்கமிட்டி சொல்வதே நடைமுறை. பங்குத்தந்தையிடமோ கமிட்டியாரிடமோ ஒரு வார்த்தை கேட்டால், பெரும்பாலும் கோயில் வளாகத்தில் ஓர் இடத்தைக் காட்டுவார்கள், அல்லது வேண்டாம் என்று காரணத்தோடு சொல்வார்கள். ஆளில்லாத கரையில் இரவில் விளக்கு எரிந்தால், கடத்தலைக் கண்காணிக்கும் கடலோரக் காவலர்கள் வந்து விசாரிப்பதில் வியப்பில்லை. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். வெளிச்சமும் தீயும் அவற்றை விரட்டும். எனவே மணலில் தீ மூட்ட வேண்டாம்.

மன்னார் வளைகுடாத் தீவுகளில் போய் ஓர் இரவு தங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக்கூடாது. எந்தப் படகுக்காரரையும் அதற்காக வற்புறுத்தாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பெரிய பட்டியல் தரும் உணவகங்களைத் தேடாதீர்கள். அன்றைக்கு என்ன மீன் வந்ததோ அதைக் குழம்பாக வைத்து, சோறும் ஒரு பொரியலும் தரும் சிறிய கடைகள் போதும். சாளையும் நெத்திலியும் அயிலையும் விலை மலிவு, சுவை அதிகம். விளமீன், ஊழி, சீலா கிடைத்த நாள் நல்ல நாள். தேங்காய் அரைத்து ஊற்றி மண்சட்டியில் வைத்த சாளைக் குழம்பு இரவு வைத்து மறுநாள் காலை இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும்போதுதான் அதன் முழு ருசியும் தெரியும். கிறிஸ்தவ மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள் என்பதால் அன்று புதுமீன் கேட்டு அலைய வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகள் போய்வருவதால் அப்போதும் மீன் உண்டு, விலைதான் ஏறும். சைவம் சாப்பிடுபவர்கள் திருச்செந்தூரிலும் திசையன்விளையிலும் கவலையின்றி இருக்கலாம். சின்னக் கடற்புரங்களில் தோசையும் தேங்காய்ச் சட்னியும் கைகொடுக்கும்.

பதநீர் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. உடன்குடியைச் சுற்றிய பனங்காடுகளில், மாசி பங்குனியில் தொடங்கி ஆனி வரை, பனையேறிகள் விடியலில் இறக்கிய பதநீரைச் சாலையோரம் வைத்து விற்பார்கள். குருத்தோலையை மடித்துத் தொன்னை போல் ஒரு பட்டையைப் பிடித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொள்ளச் சொல்லி, அதில் ஊற்றுவார்கள். அதில் நுங்கைச் சீவிப் போட்டால் ஓலையின் பச்சை வாசமும் பதநீரின் இனிப்பும் அடித்தொண்டையில் லேசாகச் சுண்ணாம்பின் காரமும் ஒன்றாக இறங்கும். புளிக்காமலிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால் வருவது அந்தக் காரம். காலை பத்து மணிக்குள் குடித்துவிடுங்கள்.

முதுகுப்பையில் எதெல்லாம் இருக்க வேண்டும்?

கனமில்லாத பை. அதில் ஒரு சாரம் கட்டாயம். பிற ஊர்களில் கைலி என்று சொல்வதைத்தான் இங்கே சாரம் என்கிறோம். கட்டிக்கொள்ள, போர்த்திக்கொள்ள, மணலில் விரித்துப் படுக்க, குளித்துவிட்டு உடைமாற்ற என்று ஒரே துணி நான்கு வேலை செய்யும். தொப்பி, பருத்தித் துண்டு, கொசுவர்த்தி, டார்ச் விளக்கு, நூறும் ஐம்பதுமாகச் சில்லறைத் தாள்கள் வேண்டும். கைப்பேசிப் பரிவர்த்தனை எல்லாக் கடையிலும் உண்டு என்றாலும் சிக்னல் எல்லாக் கடையிலும் இல்லை. நிலத்தடி நீர் பல ஊர்களில் உவர்ப்பு என்பதால் குடிக்கக் கேன் தண்ணீரே நல்லது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஒருபுறம் கூடங்குளம் அணுமின் நிலையம், மறுபுறம் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளம். நடுவில் அதைப் பறக்கவிட்டுக் காவல் நிலையத்தில் விடுமுறையைக் கழிக்க வேண்டியதில்லை.

கூட்டத்தில் பெண்கள் இருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பகலில் இந்தக் கரையில் பெண்கள் கூட்டமாக நடமாடுவது இயல்பானது. கடலில் எல்லோரும் முழு உடையோடுதான் குளிப்பார்கள். சுடிதாரோ, டீ-ஷர்ட்டும் முழுக் கால்சட்டையுமோ இருந்தால் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காயல்பட்டினம் கடற்கரைக்கு மாலையில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அங்கே உடையிலும் படம் எடுப்பதிலும் இன்னும் சற்று அடக்கம் தேவை. அறை எடுக்கும்போது ஆணும் பெண்ணுமாக வரும் நண்பர் குழுவுக்குச் சில விடுதிகளில் முகம் கோணுவார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. போனிலேயே எத்தனை பேர், யார் யார் என்று சொல்லி, தனித்தனி அறை கேட்டுவிட்டால் வாசலில் நின்று வாதாடும் சங்கடம் மிச்சமாகும். இருட்டிய பிறகு ஆளில்லாத கரையைத் தவிர்ப்பது பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும் சொல்லும் யோசனை.

மணல் ஏன் சில இடங்களில் கறுப்பாகவும் சிவப்பாகவும் இருக்கிறது?

கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். அலை இலேசான மணலை அரித்துச் சென்ற பிறகு கனமான இந்தத் தாதுக்கள் வரிவரியாகத் தங்கிவிடுகின்றன. இந்தத் தாது மணலை அள்ளுவது 2013 முதல் தமிழக அரசால் தடை செய்யப்பட்டுள்ளது. நினைவுக்காக ஒரு புட்டியில் அள்ளிப் போவதையும் விட்டுவிடலாம். பவளத்துண்டுகள், கடல் அட்டை, சட்டத்தால் காக்கப்படும் சங்கு வகைகள் ஆகியவற்றை விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.

கரையிலிருந்து உள்ளே சில கிலோமீட்டர் போனால் தேரிக்காடு. அங்கே சிவப்பு வேறு வகை. காற்றே அள்ளி வந்து குவித்த செம்மணல் குன்றுகள், இடையிடையே முந்திரியும் பனையும். மாலை நாலரை மணிக்குமேல் போய், வந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே திரும்புங்கள். காற்றுக்காலத்தில் அந்தத் தடமும் நிற்காது.

கடல் சலித்துவிட்டால் ஒரு நாள் வேறெங்கே போகலாம்?

மணிமுத்தாறும் பாபநாசமும் தொலைவு, வேண்டாம். நாங்குநேரிக்குப் பக்கத்திலுள்ள கூந்தன்குளத்தில் தை முதல் வைகாசி வரை ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டியிருக்கும். உவரியிலிருந்து காலையில் போய் மதியத்துக்குள் திரும்பலாம்.

திரும்பும்போது என்ன வாங்கிச் செல்வது?

திருநெல்வேலி அல்வா ரயில் நிலையத்தருகிலேயே கிடைக்கும். இந்தக் கரையிலிருந்து எடுத்துச் செல்லத்தக்கவை இரண்டு. ஒன்று மணப்பாட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகள். மற்றொன்று புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி. சுக்கும் ஏலமும் போட்ட சில்லுக்கருப்பட்டி என்றால் ரயிலிலேயே பாதி தீர்ந்துவிடும். சீனி கலந்த கருப்பட்டியும் சந்தையில் உண்டு. உடைத்த இடம் கண்ணாடி போல் மினுங்கினால் யோசியுங்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

கருப்பட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஈரத்துண்டோடு சேர்த்து வைக்காதீர்கள். நண்பர் ஒருவர் அப்படி வைத்து, தாம்பரத்தில் பையைத் திறந்தபோது மூன்று சட்டையும் ஒரு சாரமும் ஒரே உருண்டையாக இருந்தன. ஓலைக்கொட்டானில் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, பையின் மேல்புறத்தில் வையுங்கள்.